பாக்கியோடு விலைக்கு வரும் வாடகை வீடு: மீட்டர் பலகையிலிருந்து தொடங்குங்கள்

"மாமா, மண்டபத்துல ஒரு லைன் வீடு வருது. நாலு போர்ஷன், முன்னால ஒரு கடை. 28 லட்சம் சொல்றாங்க. கரண்டு பாக்கி, வீட்டு வரி பாக்கி கொஞ்சம் இருக்காம். அதனாலதான் விலை குறைச்சலாம்."

சிங்கப்பூரிலிருந்து தங்கை மகன் பேசினான். மண்டபம் என்றால் ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் கடற்கரை ஊர். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது என்றான். சரி, நான் போய்ப் பார்க்கிறேன், அதுவரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் அனுப்பாதே என்று சொல்லி போனை வைத்தேன்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன். அதாவது வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற ஆள். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று இந்தக் கரையிலேயே காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகு சொந்தக்காரர்கள் வீடு பார்க்கப் போனால் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நானே 2018இல் உச்சிப்புளியில் ஒரு வீடு வாங்கி நன்றாக மாட்டிக்கொண்டவன். அந்தக் கதை பின்னால் வரும். இனி நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன்.

சாவி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முதல் தடவை தனியாக, தெருவில் நடந்து போகிறவர் மாதிரி போங்கள். விற்கிறவர் கூட வந்தால் அவர் காட்டுவதைத்தான் பார்ப்போம். மண்டபத்து வீட்டுக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நேரே மீட்டர் பலகையில் போய் நின்றேன். ஐந்து மீட்டர் இருக்க வேண்டிய பலகையில் நான்குதான் இருந்தன. ஐந்தாவது இருந்த இடத்தில் ஆணித் துளையும், பலகையில் பெயின்ட்டில் எழுதிய இணைப்பு எண்ணும் மட்டும். நான்கில் இரண்டில் விளக்கு எரியவில்லை.

இணைப்பு எண்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாத இடத்தில் இருக்கும் எண்ணைக் கட்டாயம் குறியுங்கள். பலரும் உயிரோடு இருக்கும் இணைப்பின் எண்ணை மட்டும் இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு 'பாக்கி இல்லை' என்று சந்தோஷப்படுவார்கள். பாக்கிக்காகத் துண்டித்து, அப்புறம் மீட்டரையே கழற்றிக்கொண்டு போன இணைப்பின் கணக்கு பிரிவு அலுவலகத்தில் இருக்கும். அங்கே நேரில் போய், இந்தக் கதவு எண்ணில் இதுவரை எத்தனை இணைப்பு இருந்தது, எதில் எவ்வளவு நிலுவை, தணிக்கையில் ஏதாவது தொகை சேர்த்திருக்கிறார்களா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் ஒரு மனுவோடு போனால் பதில் சீக்கிரம் வரும்.

அடுத்தது வெள்ளை அட்டை, அதாவது மீட்டர் ரீடிங் எழுதி வைக்கும் அட்டை. இப்போதெல்லாம் ரீடிங் போனுக்குச் செய்தியாக வந்துவிடுகிறது, அட்டையை யாரும் மதிப்பதில்லை. ஆனாலும் பழைய வீடுகளில் மீட்டருக்குப் பின்னாலோ சாமி படத்துக்குப் பின்னாலோ ஒன்று கிடக்கும். இல்லையென்றால் இரண்டு வருடக் கணக்கை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதில் தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். ஒரு குடும்பம் இரண்டு மின்விசிறி, ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ் வைத்துக்கொண்டு வாழ்ந்தால் இரண்டு மாதத்துக்கு 150, 200 யூனிட் ஓடும். 'நாலு போர்ஷனும் எப்பவும் ஆள் இருக்கும்' என்று தரகர் சொல்லும்போது கணக்கில் 6, 4, 0, 3 என்று இருந்தால் அந்தப் போர்ஷனில் பல்லிதான் குடியிருந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமே கிடையாது. அப்படியிருக்க 300 சதுர அடிப் போர்ஷன் ஒன்றில் 23,900 ரூபாய் பாக்கி எப்படி வரும்? மண்டபத்து வீட்டின் நான்காவது போர்ஷன் இதுதான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். நண்டு வியாபாரி ஒருவர் இரண்டு பெரிய ஃப்ரீசர் வைத்திருந்தாராம். வீட்டு இணைப்பில் வியாபாரம். இதைக் கண்டுபிடித்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குப் போடுவார்கள். ராமேஸ்வரத்தில் வாங்குகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். யாத்திரை வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இணைப்பு வீட்டு வகையா, வணிக வகையா என்று கேட்காமல் 'மாசம் 40 ஆயிரம் வருது' என்ற பேச்சில் மயங்கக் கூடாது.

மின்சாரம் இருக்கும் போர்ஷனில் ஒரு சின்னச் சோதனை. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்து, மீட்டரில் மின்னும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். அது இன்னும் மின்னினால் வயரிங்கில் எங்கோ கசிகிறது. உப்பு ஏறிய ஈரச் சுவரில் இது சாதாரணம். அப்புறம் விசிறிகளைப் போட்டுவிட்டு மெயினை அணையுங்கள். எங்காவது விசிறி சுற்றிக்கொண்டே இருந்தால், மீட்டரைத் தாண்டி வேறு வழியில் இழுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் பேச்சு வேறு.

'பழைய ஆள் பாக்கி, நமக்கென்ன' என்று ஒரு வாதம் வரும். வக்கீல்களே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னதுண்டு. 2023 மே மாதம் கேரள மின்வாரிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விதிகளில் இடம் இருந்தால், முந்தைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் அந்த இடத்துக்குப் புது இணைப்பு என்று மின்வாரியம் நிபந்தனை போடலாம். ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' வாங்கியவருக்கும் அதேதான். வழக்குப் போட்டு வெல்லலாம் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். கரண்டு இல்லாத போர்ஷனுக்கு வாடகை வராது. நான் அந்தத் தொகையை விலையில் கழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

இந்த வீட்டில் மூன்று இணைப்பில் நிலுவை. கடைக்கு 18,400, மீட்டரே இல்லாத மூன்றாவது போர்ஷனுக்கு 6,250, நண்டுப் போர்ஷனுக்கு 23,900. கூட்டினால் 48,550.

வரி விஷயத்தில் முதலில் அந்த இடம் யார் கையில் என்று பாருங்கள். மண்டபம் பேரூராட்சி. ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி. உச்சிப்புளிப் பக்கம் ஊராட்சி. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் அரையாண்டுக்கு ஒரு முறை வரி, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். தாமதமானால் மாதம் 1 சதவீதம் ஏறும். ஊராட்சியில் வருடத்துக்கு ஒரு முறை. வரிவிதிப்பு எண் இருந்தால் இணையத்திலேயே பாக்கியைப் பார்க்கலாம். பார்க்கும்போது கட்டடத்தின் அளவையும் பாருங்கள். பதிவேட்டில் இரண்டு போர்ஷன் என்று இருந்து, தரையில் நான்கு நின்றால், பெயர் மாற்றப் போகிற அன்றைக்குத்தான் மறுமதிப்பீடு நடக்கும். பாக்கி தீராமல் பெயர் மாற்றமும் நடக்காது.

மண்டபத்து வீட்டுக்குக் கடைசி வரி ரசீது 2020 செப்டம்பரோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு கட்டாத வரி, அபராதத்தோடு 16,200. குடிநீர்க் கட்டணம் 5,400. ஆக எல்லாப் பாக்கியும் சேர்த்து 70,150 ரூபாய். ஆனால் எனக்கு அந்தத் தொகையைவிட அந்தத் தேதிதான் உறுத்தியது. விசாரித்தால், வீட்டுக்காரர் 2021 தொடக்கத்தில் காலமாகிவிட்டார். அதற்கு முன் படுக்கையில் இருந்திருக்கிறார். வாரிசுகள் நான்கு பேர், ஒருவர் மலேசியாவில். யாருக்கு வீடு என்று முடிவாகவில்லை, அதனால் யாரும் வரி கட்டவில்லை. பாக்கி எந்தத் தேதியில் தொடங்கியது என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தில் அன்று என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்துகொண்டதும் பத்திரம் பார்க்கும் முறையும் மாறும். வாரிசுச் சான்றில் உள்ள நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும். மலேசியாக்காரர் பவர் கொடுத்திருந்தார். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும், அதனால் பதிவின்போது உயிர்வாழ் சான்று கேட்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு வாங்குகிறவர் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். 50 லட்சத்துக்குக் கீழே பிடித்தம் இல்லை என்ற சலுகை உள்ளூர் விற்பனையாளருக்கு மட்டும்தான். இதற்கு ஒரு ஆடிட்டர் வேண்டும். வில்லங்கம் 1975இலிருந்து இணையத்தில் கிடைக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மீதி பத்திர வேலைக்கு வக்கீல் இருக்கிறார், நான் அதில் தலையிடுவதில்லை.

வில்லங்கத்தில் வராத ஒன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒத்தி.

2018இல் உச்சிப்புளியில் நான் வாங்கியது இரண்டு போர்ஷன் வீடு. மின்பாக்கியும் வரியும் சேர்த்து 11,000. என் தொழில் அல்லவா, பைசா சுத்தமாகக் கண்டுபிடித்துக் கழித்தேன். பின் போர்ஷனில் ஒரு குடும்பம் இருந்தது. 'வாடகைக்கு இருக்காங்க, சொன்னா காலி பண்ணிடுவாங்க' என்றார் விற்றவர். பத்திரம் முடிந்து மறு மாதம் வாடகை கேட்கப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் இருபது ரூபாய் முத்திரைத்தாள். ஒன்றரை லட்சம் ஒத்தி, மூன்று வருடம், பணம் திரும்பும்வரை வாடகை இல்லை. இரண்டு சாட்சிக் கையெழுத்து. பதிவு செய்யவில்லை, அதனால் வில்லங்கத்தில் இல்லை.

பதிவு செய்யாத ஒத்திப் பத்திரம் அடமானமாகச் செல்லாது என்று வக்கீல் சொன்னார். சரிதான். ஆனால் சொத்து மாற்றுச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அதை வாங்குகிறவர் தெரிந்துகொண்டே வாங்கினார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கேட்காதது என் தப்பு. பெரியவரின் பணமும் பொய்ப் பணம் இல்லை, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு. பதினான்கு மாதம் இழுத்து, கடைசியில் என் கையிலிருந்து 1,20,000 கொடுத்தேன். விற்றவர் அதற்குள் திருப்பூர் போய்விட்டார்.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். ஒவ்வொரு போர்ஷன் கதவையும் தட்டுகிறேன். விற்கிறவர் இல்லாத நேரத்தில். 'வாடகை எவ்வளவு' என்று கேட்பதில்லை. அதற்கு வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பதில் வரும். 'வீட்டுக்காரர் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கு' என்று கேட்கிறேன். முகம் மாறிவிடும். உட்காரச் சொல்வார்கள், டீ வரும், பையும் வரும். மண்டபத்தில் முதல் போர்ஷன் அம்மாவுக்கு ஒத்தி இரண்டு லட்சம். இரண்டாவது போர்ஷன் தம்பி விசைப்படகில் போகிறவர், முன்பணம் 15,000. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது, அவருடைய முன்பணம் 50,000 திரும்பவில்லை. அதனால் கடைச் சாவி இன்னும் அவரிடம்தான். இது மட்டும் 2,65,000. தரகர் பேச்சில் இதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பேசியதை அப்படியே விடக் கூடாது. ஒவ்வொருவரிடமும் தொகை, தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள், தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்தபின் புதிதாக ஒரு தாள் முளைக்காமல் இருக்கும்.

இனி கட்டடம். மண்டபம் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் ஏதோ ஒரு பக்கச் சுவர் உப்பு வாங்கும். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே வெடிப்பு இருந்தால் இதுதான் விஷயம். சமையலறை, குளியலறை மேலே முதலில் பாருங்கள். புது வெள்ளை அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். நான் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுபோவேன். தட்டினால் 'டங்' என்றால் சரி. 'டொப்' என்று வெற்றுப் பானை மாதிரி கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. அதன்மேல் சிமென்ட் பூசுவது புண்ணுக்குப் பவுடர் போடுகிற வேலை; துருவைச் சுரண்டி, கம்பி சேர்த்து, மறுபடி கட்ட வேண்டும்.

கட்டும்போது எந்தத் தண்ணீர் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். இந்தப் பக்கம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. லாரித் தண்ணீருக்குச் செலவாகிறதே என்று உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்ட வீடு, கடலைப் பார்க்காமலேயே உள்ளிருந்து துருப்பிடிக்கும். உதிர்ந்த காரையை நாக்கில் வைத்துப் பார்க்கிற கொத்தனார் ஒருவர் என்னோடு வருவார். சிரிப்பு வரும், ஆனால் அவர் சொன்னது தப்பியதில்லை. இந்த வீட்டில் மூன்று, நான்கு போர்ஷன் மேல்தளம் 'டொப்'. வயரிங்கையும் சேர்த்து 4,80,000 ஆகும் என்றார்.

மாடி எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். இருப்பதைப் பழுது பார்ப்பது வேறு, புதிதாக எழுப்புவது வேறு.

வாடகைக் கணக்கு இங்கே பன்னிரண்டு மாதத்துக்குப் போடக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்குப் போகிறவர் அந்த இரண்டு மாதம் வாடகை தர மாட்டார், தரவும் முடியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார். நான் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வேன். இன்னொன்று, வாடகை எந்தக் காலத்து வாடகை என்று பாருங்கள். தரகர் போர்ஷனுக்கு 3,500 சொன்னார். அது பாம்பன் புதுப் பாலம் வேலை நடந்தபோது மூன்றாவது போர்ஷனில் தங்கிய தொழிலாளர்கள் கொடுத்தது. 2025 ஏப்ரல் 6இல் பாலம் திறந்தாயிற்று, அவர்களும் போயாயிற்று. இன்றைக்கு அந்தத் தெருவில் 3,000தான்.

ஆக நான்கு போர்ஷனுக்கு 12,000, கடைக்கு 3,000. மாதம் 15,000, வருடத்துக்குப் பத்து மாதம் 1,50,000. வரி, பராமரிப்பு போனால் கையில் நிற்பது 1,22,000 பக்கம்.

தாளில் எழுதி மாப்பிள்ளைக்கு அனுப்பியது இது. அதே தெருவில் சிக்கல் இல்லாத இதே அளவு வீடு 26 லட்சத்துக்குப் போயிருக்கிறது. அதில் பாக்கி 70,150. ஒத்தி, முன்பணம் 2,65,000. பழுது 4,80,000. புது இணைப்பு, பெயர் மாற்றம் 20,000. வேலை முடியும்வரை ஐந்து மாத வாடகை இழப்பு 75,000. மொத்தம் 9,10,150. கழித்தால் 16,90,000 பக்கம். பேச்சை 16½இல் தொடங்கு. பத்திரச் செலவு 9 சதவீதம், வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன்மேல். வாடகை வருமானத்துக்காக மட்டும் என்றால் வாங்காதே, பேங்கில் போட்டாலே இதைவிட வரும். உன் அம்மா ஒரு போர்ஷனில் இருக்கப் போகிறாள் என்றால் யோசி.

பவர் வைத்திருந்த தம்பி என் தாளைப் பார்த்துவிட்டு, "பாக்கி 70 ஆயிரம்தானே சார், அதை நாங்களே கட்டிடுறோம். மத்ததை எதுக்குக் கழிக்கிறீங்க?" என்றார். பெரிய மனது பண்ணுகிற தோரணை. இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் வரும், தயாராக இருங்கள். விற்பனைத் தேதி வரையிலான வரியை விற்கிறவர்தான் கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது சலுகை இல்லை. நான் சுத்தியலை எடுத்து மேல்தளத்தைத் தட்டிக் காட்டினேன், பிளாஸ்டிக் பை அம்மாவைக் கூப்பிட்டேன். பேச்சு நின்றது. ஏழு வாரம் கழித்து அவரே போன் செய்தார். 17,25,000இல் முடிந்தது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதினோம். மின்சாரம், வரி, குடிநீர் பாக்கியை நாங்களே நேராகக் கட்டி ரசீது வாங்குவோம், அது ஏற்கனவே விலையில் கழித்தாயிற்று. கடைச் சாவி பதிவுக்கு முன் எங்கள் கைக்கு வர வேண்டும். ஒத்தித் தொகைக்கு அந்த அம்மா பெயரில் டி.டி. எடுத்து, அதே நாளில் அதே மேசையில் கொடுக்க வேண்டும், அதுவும் விலையில் கழித்ததுதான்.

பதிவு நாளில் மாப்பிள்ளை லீவில் வந்திருந்தான். அந்த அம்மா டி.டி.யை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். முத்திரைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப நான் காலி பண்ணணுமா தம்பி?" என்றார்கள்.

"வேணாம்மா. மாசம் மூவாயிரம். ஏப்ரல், மே மட்டும் மெதுவாக் குடுங்க" என்றான் அவன்.

எனக்குச் சொல்லாமலேயே பத்து மாதக் கணக்கைப் போட்டுவிட்டான். போன வாரம் மூன்றாவது போர்ஷனுக்குப் புது மீட்டர் மாட்டினார்கள். பழக்கதோஷம், நானே ஒரு வெள்ளை அட்டை வாங்கி முதல் ரீடிங்கை எழுதி வைத்தேன்: 4.